கவனம் தப்பினாலும் தாங்கும் வீட்டுக் கணினி: கொழும்பு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் குடும்பத்துக்கும் ஒரே ஒரு லப்டொப். காலையில் அப்பா அதில் வங்கிக் கணக்கைப் பார்ப்பார். பின்னேரம் ஏ/எல் படிக்கும் மகன் ஸூம் வகுப்பில் இருப்பான், அப்படியே டியூட்களை இறக்குவான். இரவில் அம்மம்மா கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு கதைப்பார். எல்லாருக்கும் ஒரே அக்கவுண்ட். அதற்குப் பாஸ்வேர்ட் கிடையாது, அல்லது 1234.

இப்படிப்பட்ட வீட்டில் போய் "கவனமாக இருங்கள்" என்று சொல்வதில் பயனில்லை. நாள் முழுக்கக் கவனமாக இருக்க யாராலும் ஏலாது. வேலை முடிந்து களைத்து வந்தவர், பரீட்சை நெருங்கும் பிள்ளை, கண் மங்கலான பாட்டி, எல்லாரும் ஏதோ ஒரு நேரத்தில் தவறான இடத்தில் அழுத்தத்தான் போகிறார்கள். அதைக் குற்றமாகப் பார்க்காமல், அழுத்தினாலும் சேதம் சிறியதாக முடியும்படி கணினியை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தி வைக்கலாம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஆறுதலாக இருந்தால் பெரும்பகுதி முடிந்துவிடும்.

விண்டோஸ் ஒன்றும் இன்று பாதுகாப்பற்ற இயங்குதளம் அல்ல. ஒரு மென்பொருள் கணினியின் அடித்தளத்தைத் தொட வரும்போது திரையை மங்கலாக்கி அனுமதி கேட்கும் முறை 2007இல் விஸ்டாவோடு வந்தது. டிபெண்டர் என்ற முழுமையான வைரஸ் தடுப்பு 2012இல் விண்டோஸ் 8இலிருந்து உள்ளேயே இருக்கிறது. வீடுகளில் நடப்பது என்னவென்றால், இருக்கும் பாதுகாப்பை நாமே ஒவ்வொன்றாக நிறுத்திவிடுகிறோம்.

கீழே வரும் மெனுப் பெயர்களை ஆங்கிலத் திரையில் தெரிகிறபடியே தமிழ் எழுத்தில் தருகிறேன். படிகளை இதே வரிசையில் செய்வது நல்லது.

முதலில், இருப்பது எந்த விண்டோஸ்?

செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், அதற்குள் அபௌட். விண்டோஸ் 11 என்று இருந்தால் நல்லது. விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. வீட்டுப் பாவனையாளர்கள் அதை 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிக்க மைக்ரோசொப்ட் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதில் சேரலாம். ஆனால் அது அவகாசம் மட்டும்தான், தீர்வு அல்ல. விண்டோஸ் 7 என்றால் 2020 ஜனவரியோடு அதன் கதை முடிந்தது. அதில் வங்கி வேலை எதுவும் செய்யவேண்டாம்.

விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரும் தேவை. மைக்ரோசொப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற சிறிய மென்பொருள் உங்கள் லப்டொப் தகுதியானதா என்று சொல்லிவிடும். தகுதி இல்லாத லப்டொப்பை வீசத் தேவையில்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இணையம், வட்ஸ்அப் வெப், ஸூம், கடிதம் எழுதுவது எல்லாம் நடக்கும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று கண்ட பிறகு நிறுவலாம். ஒரு விஷயம்: லினக்ஸ் மின்டின் தளத்தையே 2016 பெப்ரவரியில் ஊடுருவி, கள்ளக் கதவு வைத்த பிரதியை மாட்டியிருந்தார்கள். அதிகாரபூர்வத் தளத்தில் இறக்கினாலும், அங்கே சொல்லியிருக்கும் முறைப்படி பிரதியைச் சரிபார்த்துவிட்டு நிறுவுங்கள்.

அடுத்து, அது உண்மையான விண்டோஸ்தானா?

இதைக் கேட்டால் பலருக்குச் சங்கடம். ஆனால் கணினி எந்த அத்திவாரத்தில் நிற்கிறது என்று தெரியாமல் மேலே எதைக் கட்டியும் பயனில்லை.

செட்டிங்ஸ், சிஸ்டம், அக்டிவேஷன் பக்கத்துக்குப் போங்கள். டிஜிட்டல் லைசன்ஸ் மூலம் அக்டிவேட் ஆகியிருப்பதாகச் சொன்னால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. "உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேர்விஸ் மூலம்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் யோசிக்கவேண்டும். அலுவலகம் தந்த லப்டொப்பில் அது இயல்பு. வீட்டுக்கென்று வாங்கிய லப்டொப்பில் அப்படி இருந்தால், யாரோ கே.எம்.எஸ். வகைக் கிராக் ஒன்றை, அதாவது லைசன்ஸ் இல்லாமலே விண்டோஸை அக்டிவேட் செய்யும் கள்ள மென்பொருளை, ஓட்டியிருக்கிறார்கள் என்றே அநேகமாக அர்த்தம்.

அந்தக் கிராக் ஏன் ஆபத்து? அதை ஓட்டுவதற்கு முதல் நிபந்தனையாக டிபெண்டரை நிறுத்தச் சொல்வார்கள். பிறகு கணினியில் எதையும் மாற்றக்கூடிய அட்மின் அனுமதி கேட்கும். காவலை நீக்கி, முழு அதிகாரத்தையும் கொடுத்து, எழுதியவர் யாரென்றே தெரியாத ஒன்றை ஓட்டுகிறோம். அது சொன்ன வேலையையும் செய்யும். விண்டோஸ் அக்டிவேட் ஆகும். சொல்லாத வேலை எது என்று வெளியே தெரியாது. ஸ்டொப் என்றும் டிஜேவியூ என்றும் அழைக்கப்படும் கப்பம் கேட்கும் வைரஸ் குடும்பம், வீட்டுக் கணினிகளின் படங்களையும் ஆவணங்களையும் பூட்டிக் காசு கேட்டது. அது பரவிய முக்கிய வழியே இந்தக் கிராக்குகளும், கள்ள லைசன்ஸ் எண் உருவாக்கும் கீஜென்களும்தான்.

பலருக்குத் தெரியாத நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட பிராண்டட் லப்டொப்களின் லைசன்ஸ் எண் பொதுவாக மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அந்த லப்டொப்பை யாரோ போர்மட் செய்து கள்ள விண்டோஸ் புரோ போட்டிருக்கலாம். அதே லப்டொப்பில் ஹோம் பதிப்பை மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து எடுத்துப் புதிதாக நிறுவினால், காசு எதுவும் கட்டாமலே அக்டிவேட் ஆகிவிடக்கூடும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும் 'மீடியா கிரியேஷன் டூல்' என்ற இலவச மென்பொருளும் போதும். நிறுவும்போது எல்லாம் அழியும் என்பதால், படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ புதிதாக லப்டொப் பார்க்கிறீர்கள் என்றால், விலை குறைந்ததில் 'ப்ரீடொஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அதில் விண்டோஸ் லைசன்ஸ் இல்லை. "லைசன்ஸோடு வருகிறதா, பில்லில் எழுதித் தருவீங்களா தம்பி?" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மற்றக் கிராக்குகளுக்கும் மாற்று இருக்கிறது. பிள்ளையின் பாடவேலைக்கு லிப்ரே ஒபிஸ் அல்லது கூகிள் டொக்ஸ் தாராளம். படம் திருத்துவதற்கு பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ, வீடியோவுக்கு டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு. தமிழ்த் தட்டச்சுக்கு எதையும் இறக்கத் தேவையில்லை. தமிழ் 99, அஞ்சல் இரண்டும் 2019இலிருந்தே விண்டோஸில் இருக்கின்றன. பாமினி எழுத்துருவைத் தேடிப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: அந்தப் பக்கங்களில் பெரிய பச்சை டவுன்லோட் பொத்தான் பெரும்பாலும் விளம்பரமாகத்தான் இருக்கும். எழுத்துரு என்பது டி.டி.எப். என்று முடியும் ஒரு சின்னக் கோப்பு. இறங்கி வந்தது இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் அது ஓடும் மென்பொருள், திறக்காமலே அழித்துவிடுங்கள்.

அட்மின் அக்கவுண்டைப் பிரிப்பது

ஒரே ஒரு காரியம் செய்யத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். இது தெரியாமல் இருப்பதுதான் வீடுகளில் பெரிய குறை என்பது என் உறுதியான எண்ணம்.

விண்டோஸ் நிறுவும்போது உருவாகும் முதல் அக்கவுண்ட் எப்போதும் அட்மின்தான். அதில் இருந்துகொண்டு யூடியூப் பார்ப்பதும் மின்னஞ்சல் திறப்பதும், வீடு, அலுமாரி, லொக்கர் எல்லாவற்றினதும் திறப்புக் கோர்வையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு சந்தைக்குப் போவதற்குச் சமம். அட்மின் அக்கவுண்டில் அனுமதிப் பெட்டி வந்தால் 'யெஸ்' என்ற ஒரே அழுத்தலில் முடிந்துவிடுகிறது. நாளுக்கு நாள் அதைப் பார்த்துப் பழகிய கை, வாசிக்காமலே அழுத்தும். சாதாரண ஸ்டாண்டர்ட் அக்கவுண்டில் அதே பெட்டி அட்மினின் பாஸ்வேர்டைக் கேட்கும். அந்தப் பாஸ்வேர்ட் தெரியாதவர் அங்கேயே நிற்கவேண்டியதுதான். தெரிந்தவருக்கும், தட்டச்சு செய்யும் அந்தச் சில விநாடிகள் "இது என்ன, நான் கேட்டதா?" என்று யோசிக்க இடம் தருகின்றன.

பழைய அக்கவுண்டை அழிக்கத் தேவையில்லை. அதை அப்படியே வைத்து, அதிகாரத்தை மட்டும் குறைப்பதுதான் சுலபமான வழி. செய்யும் முறை இது.

செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூஸர்ஸ். அங்கே 'அட் அக்கவுண்ட்' அழுத்துங்கள். மின்னஞ்சல் முகவரி கேட்கும். அதைக் கொடுக்காமல், அவரின் சைன்-இன் விபரம் இல்லை என்று சொல்லும் இணைப்பை அழுத்துங்கள். அடுத்த திரையில் மைக்ரோசொப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர்க்கும் வழி கிடைக்கும். பெயராக 'வீட்டு அட்மின்' என்பது போல ஒன்று, நீளமான ஒரு பாஸ்வேர்ட். மூன்று பாதுகாப்புக் கேள்விகள் வரும். பிறந்த ஊர், முதல் பள்ளிக்கூடம் என்று உண்மையைக் கொடுத்தால் சொந்தக்காரர் எல்லாருக்கும் விடை தெரியும். சம்பந்தமில்லாத விடைகளைக் கொடுத்து எழுதி வையுங்கள்.

உருவானதும் அந்தப் பெயரை அழுத்தி, 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்' என்பதில் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். இப்போது பழைய அக்கவுண்டிலிருந்து சைன் அவுட் செய்து, புதியதற்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்ட் வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்தாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம். சரி என்றால், புதிய அட்மினுக்குள் இருந்தபடியே அதே பக்கத்துக்குப் போய், பழைய அக்கவுண்டை ஸ்டாண்டர்ட் யூஸர் ஆக மாற்றுங்கள். திரும்பப் பழையதற்குள் போனால் உங்கள் படங்கள், புக்மார்க்குகள், டெஸ்க்டொப் எல்லாம் வைத்தபடியே இருக்கும்.

பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் அலுமாரியில் வையுங்கள். எழுதி வைப்பது தவறு என்று சிலர் சொல்வார்கள். வீட்டுக் கணினிக்கு அது பொருந்தாது. இணையத்தில் எங்கேயோ இருந்து தாக்குகிறவனால் உங்கள் அலுமாரியைத் திறக்க முடியாது. மறந்துபோய்க் கணினிக்கு வெளியே நிற்பதுதான் உண்மையில் நடக்கக்கூடிய பிரச்சினை.

பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் கொடுங்கள். மகன் இறக்கிய ஒன்று அப்பாவின் வங்கிப் பாஸ்வேர்டுகள் இருக்கும் பிரவுசரைத் தொடுவது இதனால் கடினமாகும். அம்மம்மாவின் அக்கவுண்டில் தேவையான இரண்டு மூன்று ஐகன்களை மட்டும் பெரிதாக டெஸ்க்டொப்பில் வைத்தால் அவருக்கும் நிம்மதி. புதிதாக எதையும் நிறுவத் தேவையில்லாத வீடு என்றால், செட்டிங்ஸில் அப்ஸ் பகுதியின் 'அட்வான்ஸ்ட் அப் செட்டிங்ஸ்' போய், மைக்ரோசொப்ட் ஸ்டோரிலிருந்து மட்டும் என்று மாற்றிவிடலாம்.

இதற்கும் எல்லை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஸ்டாண்டர்ட் அக்கவுண்டில் ஓடும் வைரஸ் கணினி முழுவதையும் கைப்பற்ற முடியாவிட்டாலும், அந்த ஆளின் சொந்தக் கோப்புகளை வாசிக்கலாம், பூட்டலாம். உங்கள் படங்களைத் திறக்க உங்களுக்கு அட்மின் அனுமதி தேவையில்லை அல்லவா, உங்கள் பெயரில் ஓடும் வைரஸுக்கும் தேவையில்லை. அதனால்தான் பிரதி எடுப்பதும் பாஸ்வேர்டுகளும் தனியாகக் கீழே வருகின்றன.

அப்டேட்களை நிறுத்தாமல் வைத்திருப்பது

2017 மே 12 அன்று வனக்ரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் சுமார் 150 நாடுகளில் பரவியது. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. யாரும் எதையும் அழுத்தத் தேவையில்லாமலே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அது தாவியது. ஆனால் அது நுழைந்த ஓட்டையை மைக்ரோசொப்ட் அதே வருடம் மார்ச் 14 அன்றே அடைத்துவிட்டது. அந்த அப்டேட்டைப் போட்ட கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியே அதனால் தாவ முடியவில்லை. இடையில் இருந்தது இரண்டு மாதம்.

கொழும்பில் அப்டேட்டை நிறுத்துகிறவர்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு: டேட்டா முடிகிறது, வகுப்பு நடுவில் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது. இரண்டும் நியாயமான முறைப்பாடுகள்தான், இரண்டுக்கும் வழி இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'அக்டிவ் அவர்ஸ்' என்பதில் நீங்கள் கணினி பாவிக்கும் நேரத்தைக் கொடுத்தால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. டேட்டா குறைவான பேக்கேஜ் என்று வைஃபையை 'மீட்டர்ட் கனெக்ஷன்' ஆக மாற்றியிருந்தால் பல அப்டேட்கள் இறங்காமல் நிற்கும். மாற்றியதையே மறந்துபோன வீடுகள் உண்டு. இரவு நேர டேட்டா தனியாகக் கிடைக்கும் பேக்கேஜ் என்றால், வாரத்தில் ஓர் இரவு மீட்டர்ட் அமைப்பை நீக்கி அப்டேட்டை ஓட விடுங்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடியும் மின்னலும் வரும் நாட்களில், யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில் பெரிய அப்டேட்டைத் தொடங்கவேண்டாம். நடுவில் மின்சாரம் போனால் சரிப்படுத்துவது தலைவலி. லப்டொப் என்றால் பற்றரியில் போதிய சார்ஜ் இருந்தால் பயமில்லை.

டிபெண்டர் விழித்திருக்கிறதா?

ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறங்கள். எல்லா இடத்திலும் பச்சை அடையாளம் இருக்கவேண்டும். உள்ளே 'டாம்பர் புரொடெக்ஷன்' இயங்க வேண்டும். டிபெண்டரை வேறு மென்பொருள்கள் கள்ளமாக நிறுத்துவதைத் தடுப்பது அதுதான். புது லப்டொப்போடு வந்த சோதனைக்கால அன்டிவைரஸ் காலாவதியாகிக் கிடந்தால் அதை அன்இன்ஸ்டோல் செய்யுங்கள். அது ஓடும் காலத்தில் டிபெண்டர் ஒதுங்கிவிடும். அதன் காலம் முடிந்த பிறகு பாதுகாப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. இரண்டு அன்டிவைரஸை ஒன்றாகப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்காது, கணினிதான் மந்தமாகும். வீட்டுப் பாவனைக்கு டிபெண்டரே போதும்.

கொமினிகேஷனும் பென் டிரைவும்

வீட்டில் பிரின்டர் இல்லாதவர்கள் சந்தியில் இருக்கும் கொமினிகேஷன் கடைக்குப் பென் டிரைவைக் கொண்டுபோகிறோம். நாள் முழுக்க எத்தனையோ பேரின் பென் டிரைவ் அந்த ஒரே கணினியில் ஏறி இறங்கும். திரும்பி வந்து பார்த்தால் போல்டர்கள் எல்லாம் வளைந்த அம்பு போட்ட ஷோர்ட்கட் ஆகியிருக்கும். அதை அழுத்தினால் போல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். அதனால்தான் அது கவனிக்கப்படாமல் பரவுகிறது.

முதலில் இரண்டு அமைப்புகளை மாற்றுங்கள். பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ என்று போய், 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்', 'ஹிடன் ஐட்டம்ஸ்' இரண்டையும் டிக் செய்யுங்கள். கோப்பின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடுகிறது. பி.டி.எப். போலத் தெரியும் ஒன்று உண்மையில் இ.எக்ஸ்.இ. என்பது இந்த டிக் இருந்தால்தான் கண்ணில் படும்.

பென் டிரைவ் ஷோர்ட்கட் மயமாகி வந்தால் பயப்படவேண்டாம், உள்ளே இருப்பவை பெரும்பாலும் அழிவதில்லை, ஒளிக்கப்படுகின்றன. எதையும் திறக்காமல் டிரைவின் மேல் வலது அழுத்தி டிபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு போல்டர் ஒப்ஷன்ஸில் 'ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் பைல்ஸ்' என்ற டிக்கை எடுத்தால், பெயரே இல்லாத ஒரு போல்டருக்குள் உங்கள் கோப்புகள் இருப்பதைக் காண்பீர்கள். அவற்றை வெளியே எடுத்துக்கொண்டு டிரைவைப் போர்மட் செய்து, அந்த டிக்கைத் திரும்பப் போடுங்கள்.

இனிமேலுக்கு: அச்சடிக்க வேண்டியதைக் கடையின் மின்னஞ்சலுக்கு உங்கள் போனிலிருந்தே அனுப்புங்கள். கடைக் கணினியில் உங்கள் வட்ஸ்அப் வெப்பையோ ஜிமெயிலையோ திறக்கவேண்டாம்; வெளியேற மறந்தால் அடுத்தவர் உட்கார்ந்து வாசிப்பார். தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் போன்றவற்றைப் பிரதி எடுத்தால், கோப்பை அழிக்கும்படி கேட்டு, அழிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பிரவுசரும் பாஸ்வேர்டும்

வைரஸ் என்றால் கணினியைக் கெடுப்பது என்று நினைத்த காலம் போய்விட்டது. ரெட்லைன், லும்மா போன்ற களவு மென்பொருள்கள் ஓடிய சிறிது நேரத்தில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் லொகின் ஆகியிருப்பதற்கான குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். கணினி வழமைபோல ஓடும். சில நாளில் பேஸ்புக் கணக்கு கையை விட்டுப் போயிருக்கும்.

ஆகவே வங்கி, முதன்மை மின்னஞ்சல் இரண்டின் பாஸ்வேர்டையும் பிரவுசரில் சேமிக்காதீர்கள். பிட்வோர்டன் போன்ற இலவசப் பாஸ்வேர்ட் பெட்டகம் ஒன்றில் வையுங்கள். மின்னஞ்சலுக்கு, பாஸ்வேர்டோடு இன்னொரு அடையாளமும் கேட்கும் இரண்டு கட்ட உறுதிப்படுத்தலைப் போடுங்கள். மின்னஞ்சலைக் கைப்பற்றியவன், "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று சொல்லி மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்பதால் அதுதான் முதலில். விளம்பரத் தடுப்பு யு-பிளொக் ஒரிஜினை பயர்பொக்ஸில் போடுங்கள். குரோம் என்றால் அதன் லைட் பதிப்பு. போலி டவுன்லோட் பொத்தான்களில் பெரும்பகுதி அதோடு மறையும்.

திரையின் மூலையில் "5 வைரஸ் பிடித்துவிட்டது" என்று அடிக்கடி குதிக்கிறதா? அது வைரஸ் அல்ல, ஏதோ ஒரு தளத்துக்கு நீங்கள் கொடுத்த நோட்டிபிகேஷன் அனுமதி. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் தெரியாத தளங்களை நீக்குங்கள்; கேட்கவே கூடாது என்றும் அமைக்கலாம்.

நீலத் திரையோடு சத்தமாக எச்சரித்து ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டும் பக்கமும் இதே வகைதான். மைக்ரோசொப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் போடுவதே இல்லை. எஸ்கேப் விசையை அழுத்திப் பிடியுங்கள். முடியாவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மனேஜரில் பிரவுசரை மூடுங்கள். போனில் கதைத்தபடி, தூரத்திலிருந்து உங்கள் கணினியை இயக்க விடும் எனிடெஸ்க்கை நிறுவச் சொல்பவர் யாராக இருந்தாலும் வைத்துவிடுங்கள். பார்சல் வந்திருக்கிறது, சிறு கட்டணம் கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்தியும் அட்டை எண்ணைப் பிடிக்கும் தூண்டில்தான். இவை எந்த அக்கவுண்ட் அமைப்பாலும் தடுக்கப்படாதவை. வீட்டில் பெரியவர்களுக்கு ஒரே விதி சொல்லிக்கொடுங்கள்: ஓ.டி.பி. இலக்கத்தை எவர் கேட்டாலும், மகன் குரலில் கேட்டாலும், முதலில் நீங்களே திரும்ப அழைத்து உறுதிப்படுத்துங்கள்.

பிரதி எடுத்து, வயரைக் கழற்றுவது

கல்யாணப் படங்கள், இறந்துபோனவர்களின் குரல் பதிவுகள், பிள்ளையின் திட்ட அறிக்கை. இவற்றைத் திரும்ப வாங்க முடியாது. வெளி ஹாட் டிஸ்க் ஒன்று வாங்கி, மாதம் ஒரு முறை செருகி, கன்ட்ரோல் பனலில் இருக்கும் பைல் ஹிஸ்டரியால் பிரதி எடுங்கள். முடிந்தவுடன் கழற்றிவிடுங்கள். செருகியபடியே இருந்தால் கப்ப வைரஸ் அதையும் பூட்டும், மின்னல் அடித்தால் கணினியோடு சேர்ந்து அதுவும் போகும். மிக முக்கியமான சிலவற்றை மட்டும் கூகிள் டிரைவின் இலவச 15 ஜிபிக்குள் போடுங்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்தாலும் அது இருக்கும்.

விண்டோஸ் 11 புது லப்டொப்கள் பலவற்றில் வட்டு, திறப்பு இல்லாமல் வாசிக்க முடியாதபடி தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். திருட்டுப் போனால் நல்ல பாதுகாப்பு. ஆனால் மதர்போர்ட் பழுது பார்த்த பிறகு 48 இலக்க மீட்பு எண் ஒன்றைக் கேட்டால் நீங்கள் கொடுக்கவேண்டும். அது பொதுவாக உங்கள் மைக்ரோசொப்ட் அக்கவுண்டில் பிட்லொக்கர் என்ற பெயரில் இருக்கும். இன்றே பார்த்து, அந்த அலுமாரித் தாளில் எழுதுங்கள்.

ரவுட்டர்

இதற்குப் பத்து நிமிடம் போதும். ரவுட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கும் அட்மின் பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், பாஸ்வேர்ட் இல்லாமல் பொத்தானாலோ சிறு எண்ணாலோ வைஃபையில் சேர விடும் டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்துங்கள், விருந்தாளிகளுக்கு கெஸ்ட் வைஃபை கொடுங்கள். மாடிவீட்டுத் தொகுதியில் இருப்பவர்கள் வைஃபையின் பெயரில் வீட்டு இலக்கத்தைப் போடவேண்டாம்.

நடந்தே விட்டால்

முதலில் வைஃபையை நிறுத்துங்கள், வயர் இருந்தால் பிடுங்குங்கள். பிரதி வைத்திருக்கும் ஹாட் டிஸ்க்கை அந்த நேரத்தில் செருகிப் பார்க்கவேண்டாம். பாஸ்வேர்ட் மாற்றுவதை அந்தக் கணினியில் செய்யாமல், போனிலோ வேறு கணினியிலோ செய்யுங்கள்: மின்னஞ்சல் முதலில், பிறகு வங்கி, பிறகு மற்றவை. ஒவ்வொன்றிலும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் வசதியைப் பாவியுங்கள், இல்லாவிட்டால் திருடிய குக்கி தொடர்ந்து வேலை செய்யும். வங்கி விபரமோ ஓ.டி.பி.யோ கொடுத்துவிட்டீர்கள் என்றால், அட்டையின் பின்பக்கத்தில் உள்ள எண்ணுக்கு உடனே அழைத்து அட்டையையும் ஓன்லைன் வசதியையும் நிறுத்தச் சொல்லுங்கள். இரவு என்று காத்திருக்கவேண்டாம்.

அப்புறம் கணினி. விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஒப்ஷன்ஸில் டிபெண்டர் ஒப்லைன் ஸ்கேன் இருக்கிறது. விண்டோஸ் தொடங்கும் முன்பே தேடும் என்பதால் ஒளிந்திருப்பவையும் அகப்படும். கிராக் ஓட்டியதால் வந்த வினை என்றால் ஸ்கேனோடு நிற்காமல், மேலே சொன்னபடி விண்டோஸைப் புதிதாக நிறுவுவதையே சொல்வேன். கோப்புகள் பூட்டப்பட்டிருந்தால் காசு கட்டவேண்டாம். நெதர்லாந்துப் பொலிசும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொலிஸ் அமைப்பான யூரோபோலும் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் பூட்டப்பட்ட கோப்பு ஒன்றைக் கொடுத்தால், அதற்கு இலவசத் திறப்பு இருக்கிறதா என்று சொல்லும். இப்போது இல்லாவிட்டாலும் கோப்புகளை வைத்திருங்கள், சிலவற்றுக்குப் பிந்தி வந்திருக்கிறது.

முறைப்பாட்டுக்கு, கணினிப் பாதுகாப்புக்காக 2006இலிருந்து இயங்கும் அரச அமைப்பான ஸ்ரீ லங்கா சேர்ட்டை 101 என்ற எண்ணில் அழைக்கலாம். காசு போயிருந்தால் பொலிசிலும் முறைப்பாடு கொடுக்கவேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. அழைக்கும் முன் வந்த குறுஞ்செய்தி, எண், தளத்தின் முகவரி, நடந்த நேரம், திரையின் படம் ஆகியவற்றைப் போனில் எடுத்து வையுங்கள். அவற்றை எடுத்து முடிக்கும்வரை கணினியைப் போர்மட் செய்யக் கொடுக்கவேண்டாம்.